சனிக்கிழமை நாலு மணிக்கு மேல்

ரப்பர் தோட்டத்து வீடுகளுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் போகக் கூடாது. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். விடியற்காலை இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், மரத்துப் பட்டையை வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அதற்கப்புறம்தான் சமையல், சாப்பாடு, கொஞ்ச நேரம் கண்ணயர்வு. "அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தக் கெடுத்துட்டு, ஒங்க பையன் ஏன் காலேஜுக்கு வரலன்னு கேட்டா, யாரும்மா மனசு தொறந்து பேசுவாங்க?" என்பார்.

அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய தொழில் திறன் கல்லூரிக்கு 1994 முதல் 2008 வரை முதல்வராக இருந்தார். வெல்டிங், வயரிங், ஏர்கோன் பழுது பார்ப்பது, தையல் என்று நாலைந்து பிரிவுகள். இருநூறு பிள்ளைகளுக்குமேல் என்றைக்கும் இருந்ததில்லை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.-இல் தவறியவர்கள், மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள், வீட்டிலும் பள்ளியிலும் 'இது தேறாது' என்று கேட்டுக் கேட்டு அதை நம்பியே விட்டவர்கள், இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அங்கே வருவார்கள். ஊரில் பெரியவர்கள் அதை இன்றும், பழைய தேசியத் தொழிற்பயிற்சி மன்றத்தின் பெயரால், எம்.எல்.வி.கே. படிப்பு என்றுதான் சொல்வார்கள். சான்றிதழுக்கு எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) என்று பெயர் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. சரித்திரப் புத்தகத்தில் அது வருவது 1948 ஜூன் 16-ஆம் தேதிக்காக. அன்றைக்கு எல்பில் தோட்டத்தில் நடந்த கொலையோடுதான், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தின் கதையைத் தொடங்குவார்கள். எங்களுக்கு ஊர் என்றால் அது இல்லை. மகாத்மா காந்தி கலாசாலை என்கிற தமிழ்ப்பள்ளி, மந்திரியாக இருந்த துன் சம்பந்தன், சுற்றிலும் கித்தா என்கிற ரப்பர் மரம், இதுதான் ஊர். அப்பா 1950-இல் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். பாட்டியும் தாத்தாவும் பால்மரத் தொழிலாளிகள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாத்தா மாதம் பத்து வெள்ளி கட்டி அதில் பங்கு எடுத்தார். அந்தப் பத்து வெள்ளி பின்னால் அப்பாவின் கல்லூரியிலும் வந்து உதவியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா முதல்வரான மறு வருடம். வெல்டிங் பிரிவில் ஒரு மாணவர் மூன்று வாரமாக வரவில்லை. கல்லூரி விதிப்படி இரண்டு எச்சரிக்கைக் கடிதம், அதற்கும் பதில் இல்லையென்றால் பெயரை நீக்கி இன்னொரு கடிதம். மூன்றும் மலாயில் தட்டச்சு செய்து தோட்ட ஆபீஸ் முகவரிக்குப் போயின. மூன்றாவதில் அப்பா கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வந்த முப்பது காகிதத்தில் அதுவும் ஒன்று.

சில மாதம் கழித்து அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். நானும் கூட இருந்தேன், பதினொரு வயது. ஓர் அம்மா வந்து அப்பாவைக் கும்பிட்டு, "ஐயா, எங்க வீட்டுல வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவணும்" என்று கட்டாயப்படுத்தி அழைத்துப்போனார். லயத்தில் கடைசி வீடு. உள்ளே சாமி மேடையில் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட ஓர் ஆளின் படம். முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் செருகியிருந்தது. அந்த அம்மா அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். கல்லூரிச் சின்னத்தின் மேல் குங்குமம் வைத்திருந்தார்.

"காலேஜிலேர்ந்து வந்த கடுதாசிங்க. அவரு போனதும் தம்பி பினாங்குக்கு வேலைக்குப் போயிருச்சி. திரும்பி வந்தா படிப்பு இருக்குன்னு நீங்க எழுதியிருக்கீங்கன்னு ஆபீஸ் கிராணி ஊட்டுப் புள்ள சொல்லிச்சு. பத்திரமா வெச்சிருக்கேன்."

யார் சொன்னதோ, எப்படிச் சொன்னதோ. அந்த அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. கீழே அப்பாவின் கையெழுத்து. அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் வேற கடிதம் எழுதித் தர்றேன்க்கா, இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார். குரல் சரியாக வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை வெளியே வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

அவர் மூன்று முறை பினாங்குக்குப் போய் அந்த அண்ணனைப் பார்த்தார். அந்த அண்ணன் திரும்ப வரவில்லை. வேலை பழகிவிட்டது, கையில் காசு பழகிவிட்டது, அம்மாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அப்பாவால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இறந்துபோனவர் தொழிலாளர் சேமநிதியான ஈ.பி.எப்.-இல் யார் பெயரையும் நியமிக்கவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தார். அப்பா லீவு போட்டு, கூடவே போய், பாரம் நிரப்பி, பணம் கைக்கு வரும்வரை விடவில்லை.

சனிக்கிழமைப் பயணம் அதிலிருந்துதான் தொடங்கியது. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையென்றால், கடிதம் கிடையாது. அந்தச் சனிக்கிழமை முதல்வரே வீட்டுக்குப் போவார். பதின்மூன்று வருடம் அதை விடவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன், நான், தம்பி. அம்மா அரசாங்க மருத்துவமனையில் தாதி, ஷிஃப்ட் வேலை. வாரம் முழுக்க கல்லூரி, சனிக்கிழமையும் கல்லூரி என்றால் வீடு என்னாவது? அம்மா இதைக் கேட்டார், கோபமாகவே கேட்டார். அப்பா கண்டுபிடித்த வழி, ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பிள்ளை. பழைய புரோட்டோன் சாகாவில் முன் சீட்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனக்கு அப்பா முழுசாகக் கிடைப்பார். போகிற வழியில் கல்லூரிப் பேச்சு, திரும்பும் வழியில் என் பேச்சு. இடையில் செண்டோல் கடையில் நிறுத்துவார். என் வயசுக்கு வந்த பயம், கணக்குப் பாடம், ஒரு சிநேகிதியோடு வந்த சண்டை எல்லாம் அந்தச் சிவப்பு மண் சாலையில்தான் பேசித் தீர்ந்தன. எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைக் காரில் பேசலாம். இரண்டு பேருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம் இல்லையா, அதனால்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாவுக்கு மட்டும். கல்லூரியிலிருந்து யார் வந்தாலும் திங்கட்கிழமைதான்.

போகிற இடத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தே பழகினேன். கழுத்துப்பட்டை கட்டமாட்டார். கோப்பு எடுத்துப்போகமாட்டார். கோப்பைப் பார்த்தால் சனங்களுக்கு ஆபீஸ் ஆள் என்ற நினைப்பு வந்துவிடும், கடன் கேட்க வந்தவரோ என்றுகூட நினைப்பார்கள். கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட் இருக்கும். வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளே கூப்பிட்டால்தான் செருப்பைக் கழற்றுவார். கொடுத்ததைக் குடிப்பார். மைலோவில் சீனி எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, கடைசிச் சொட்டுவரை. பையனைப் பற்றி முதல் பத்து நிமிடம் பேசவே மாட்டார். பால் விலை, மழை, பாட்டியின் முட்டிவலி. அப்புறம், "தம்பி, நம்ம கோயில எனக்குக் காட்டு" என்று பையனை வெளியே அழைத்துப்போவார். அப்பன் முன்னால் எந்தப் பையனும் உண்மையைச் சொல்லமாட்டான் என்பது அவர் கணக்கு. கோயில்வரை நடந்து திரும்புவதற்குள் விஷயம் வெளியே வந்துவிடும்.

வந்த விஷயங்களில் பாதிக்குமேல் சோம்பேறித்தனம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்றும் ஆசிரியர் அறைகளில் முதலில் கேட்பது அந்தச் சொல்தான். தையல் வகுப்பில் ஒரே தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். போய்க் கேட்டால், வகுப்பு முடிவது ஐந்து மணிக்கு, தோட்டத்துப் பக்கம் போகிற கடைசி பஸ் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறது. இருட்டில் மெயின் ரோட்டிலிருந்து கித்தா காட்டுக்குள்ளே நடக்க வேண்டும். வீட்டில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். தப்பு எங்கள் கால அட்டவணையில் இருந்தது. அப்பா வகுப்புகளை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளினார். ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். நாலு பேரும் திரும்பி வந்தார்கள்.

கிளம்பும்போது "சீக்கிரம் வாப்பா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லமாட்டார். "செவ்வாய்க்கிழமை, எட்டு மணி. நான் கேட்டுகிட்ட நிப்பேன்." செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவர் கேட்டில் நிற்பார். மழை பெய்தாலும் குடையோடு நிற்பார். விட்டுப்போன பிள்ளைக்குத் திரும்பி வருவதில் கஷ்டமானது அந்த முதல் அரைமணி நேரம்தான். எல்லார் முன்னாலும் தனியாக உள்ளே நுழைய வேண்டும். அந்த நேரத்தில் கூட நடக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பும்போது அவர் கார் ஓட்டுவார், நான் 555 நோட்டில் எழுதுவேன். சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு, கடைக்காரர்கள் கடன் எழுதுவது. தேதி, தோட்டம், வீடு, சொன்ன காரணம், நாம் செய்ய வேண்டியது, எந்த நாளுக்குள். ஆறே விஷயம். "நம்ம அபிப்பிராயத்த எழுதாதம்மா, அவங்க சொன்னத எழுது." நான் ஒருமுறை 'அப்பா குடிகாரர்' என்று எழுதியதை அடிக்கச் சொன்னார். 'சம்பளம் வீட்டுக்கு வரவில்லை' என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும் என்றார். இன்று அறிக்கை எழுதுகிற வேலையில் இருக்கிறேன். அந்த ஒரு திருத்தம் எனக்கு எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளைவிடப் பயன்பட்டிருக்கிறது.

கட்டணம் மாறியதும் அந்த நோட்டுகளால்தான். பிப்ரவரி, மார்ச் பக்கங்களில் 'கட்டணம் கட்ட முடியவில்லை' என்று வரிசையாக வந்தது. கித்தா மரம் இலை உதிர்க்கிற காலம் அது, பால் குறைந்துவிடும். ஆண்டுக் கடைசியில் மழை, மழை நாளில் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் சம்பளம் குறையும். எங்கள் கல்லூரி கட்டணம் கேட்டது சரியாக இந்த இரண்டு காலத்திலும். தோட்டத்தில் பிறந்த எனக்கே இது தோன்றவில்லையே என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் தாத்தாவின் பத்து வெள்ளி ஞாபகத்துக்கு வந்தது. "எங்கப்பாகிட்ட நூறு வெள்ளிய மொத்தமா கேட்டிருந்தா ஜென்மத்துக்கும் பங்கு எடுத்திருக்க மாட்டாரு." கட்டணத்தை மாதத் தவணையாக்கினார். அதுவும் மாதம் பத்தாம் தேதிக்கு. சட்டப்படி ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும், ஆகவே பத்தாம் தேதி எல்லார் கையிலும் ஏதாவது இருக்கும். நிர்வாகக் குழுவில் கடும் எதிர்ப்பு. ஒரு வருடம் செய்து பார்ப்போம் என்று கேட்டு வாங்கினார். நிலுவை குறைந்தது, அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்திரங்கள் விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. போகிற வீட்டிலெல்லாம் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஈ.பி.எப். பெயர் நியமனம் மூன்றையும் கேட்பார். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். பதிவு இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயை வைத்துத்தான். தாயிடம் இருப்பது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருகிற சிவப்பு அடையாள அட்டை என்றால் பிள்ளைக்கும் சிக்கல்தான். பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வந்து நிற்கும்போது இது தெரியவந்தால் ரொம்பத் தாமதம். ஆகவே மாணவரைப் பார்க்கப் போன வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிற ஐந்து வயசுத் தங்கச்சியின் பத்திரத்தையும் வாங்கிப் பார்ப்பார். இதைப் படிக்கிறவர்கள் இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரியவர்களிடம் ஈ.பி.எப்.-இல் யார் பெயர் இருக்கிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

அப்பா எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று எழுதினால் அது பொய். அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் எனக்குத் தலை வாரிவிடுவது அவர்தான். சீப்பைத் தண்ணீரில் நனைத்து, நடுவகிடு நூல் பிடித்த மாதிரி எடுத்து, இரட்டைச் சடை. காதுக்குப் பின்னால் வலிக்கிற அளவு இறுக்கிக் கட்டுவார், சாயங்காலம்வரை ஒரு முடி அசையாது. ஆறாம் வகுப்புப் பரிசளிப்பு நாளன்று காலையும் அப்படித்தான் கட்டிவிட்டார். பத்து மணிக்கு வந்துவிடுவேன் என்றார். வரவில்லை. பட்டறையில் ஒரு மாணவருக்குக் கையில் தீக்காயம், மருத்துவமனைக்குப் போய்விட்டார். மேடையில் பெயர் கூப்பிட்டபோது நான் கதவைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

மறுநாள் பசியாறும்போது எல்லார் முன்னாலும், "நேத்து நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரும்மா" என்றார். தீக்காயத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. அதை அம்மா பின்னால்தான் சொன்னார். மருத்துவமனைக்கு உதவி முதல்வரை அனுப்பியிருக்கலாம், அவரும் அங்கேதான் இருந்தார். எல்லாவற்றுக்கும் தானே ஓட வேண்டும் என்கிற குணம் அப்பாவிடம் இருந்தது. அதற்கு வீடுதான் விலை கொடுத்தது. அந்த வருடத்திலிருந்து சுவர் நாள்காட்டி மாறியது. ஜனவரி முதல் வாரத்தில் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து, பிறந்தநாள், பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி, அம்மாவின் ஷிஃப்ட் எல்லாவற்றையும் முதலில் சிவப்பு மையில் எழுதுவோம். அதற்கப்புறம்தான் கல்லூரித் தேதிகள் நீல மையில். சிவப்பு இருக்கிற நாளில் நீலம் வந்தால் உதவி முதல்வர் போவார். இரண்டு தடவை தவிர அது மீறப்படவில்லை.

2008-இல் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க. அப்பாவுக்கு 58 வயது, இன்னும் சில வருடம் இருந்திருக்கலாம், இருக்கச் சொன்னார்கள். அவர் ஆறு மாதம் மட்டும் கேட்டார். முதல் இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் அடுத்த முதல்வரைப் பக்கத்தில் உட்கார வைத்து அழைத்துப்போனார். அடுத்த இரண்டு மாதம் அந்த ஐயா பேசினார், அப்பா வாசலில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு மாதம் அப்பா போகவில்லை. திங்கட்கிழமை நோட்டை மட்டும் படித்துப் பார்த்தார். அதற்கப்புறம் படிக்கவும் கேட்கவில்லை. விட்டுக்கொடுத்த நாற்காலியின் பக்கம் அவர் ஒருநாளும் போய் நின்றதில்லை. பொறுப்பை ஒப்படைக்கிற பெரியவர்கள் பலருக்கும் வராதது இதுதான் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்குப் பதினோரு வருடம் அவர்தான் தலை வாரினார். "மெதுவாங்க, வலிக்குது" என்று அம்மா சொல்லும்போது அடுத்த அறையில் எனக்கு என் காதுக்குப் பின்னால் சுருக்கென்று இருக்கும்.

அப்பா 2023-இல் தூக்கத்திலேயே போய்விட்டார். அலமாரியில் நீலக் கோப்பு ஒன்று, எல்லாம் வரிசையாக. எங்களுக்கு எந்த அலுவலகத்திலும் இரண்டாவது தடவை போக வேண்டியிருக்கவில்லை. பிஸ்கட் தகரத்தில் 555 நோட்டுகள். பாதிக்குமேல் எங்கள் மூன்று பேருடைய பிள்ளைக் கையெழுத்துதான்.

நான் இப்போது ஈப்போவில் ஒரு கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் இருக்கிறேன். கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் காலியாகிவிட்டன, நம் சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில். நாலு மணிக் கணக்கு இப்போது செல்லாது. எந்த ஷிஃப்ட் என்று முதலில் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்கிறேன். மகனுக்குப் பத்து வயது, முன் சீட்டில் வருகிறான்.

போன சனிக்கிழமை நாலாவது மாடியில் ஒரு வீடு. லிஃப்ட் ஓடவில்லை. கணக்கியல் படிக்கிற பெண், இரண்டு வாரமாக வரவில்லை. பாட்டி மைலோ கலக்கிக் கொடுத்தார். பிஸ்கட்டைப் பிரித்து என் மகனுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். மடிக்கணினி கெட்டுப்போயிருக்கிறது. வீட்டில் சொன்னால் கடன் வாங்குவார்கள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். கல்லூரியில் இரவல் கணினி இரண்டு சும்மா கிடக்கின்றன. அவளுக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. இறங்கும்போது மகன் நோட்டில் எழுதிக்கொண்டே, "என்னைக்குள்ளன்னு போடணும்மா?" என்று கேட்டான். திங்கட்கிழமை, எட்டு மணி என்று சொன்னேன். கேட்டில் நிற்க ஏழே முக்காலுக்கே போய்விட வேண்டும்.